வாக்கி டாக்கி போதும்னு எழுதின கட்டுரை பத்தி

வணக்கம் ஆசிரியர் ஐயா,

பத்தொன்பது வருஷமா சந்தா கட்டுற ஆள் எழுதுறேன். போன இதழ்ல ஸ்கூல் லீவுக்கு ஃபோர் வீல் டிரைவ் எடுத்துட்டு ஆஸ்திரேலியாவோட உள்ள ஆள் நடமாட்டம் இல்லாத அவுட்பேக் பக்கம் போறது பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க. நல்ல விஷயம். அரங்கேற்றம், வளைகாப்பு, வீடு விக்கிற விளம்பரம் தாண்டி இந்த நாட்டுல மண்ணும் இருக்குன்னு நம்ம பத்திரிகைக்கு இப்பவாவது தெரிஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டுத்தான் படிக்க உக்காந்தேன். மூணாவது பக்கத்துல ஒரு வரி: ரேடியோவுக்குப் பெருசா செலவு பண்ண வேணாம், அமெரிக்காவுல இருந்து ஆன்லைன்ல ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினா போதும், வாட்ஸ் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு தூரம் எடுக்கும். காப்பியைக் கீழ வெச்சுட்டேன். ஒரே வரில மூணு தப்பு பண்றதுக்கும் ஒரு தெறமை வேணும்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இங்க நாம வண்டிக்கு வண்டி பேசுற யுஎச்எஃப் சிபிங்கற ரேடியோ அலைவரிசை 476.425ல ஆரம்பிச்சு 477.4125 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், மொத்தம் 80 சேனல். தனியா லைசென்ஸ் வாங்க வேணாம், ஃபீஸ் கிடையாது. அமெரிக்கால விக்கிற செட் 462, 467 மெகாஹெர்ட்ஸ்ல பேசும். அதை இங்க கொண்டுவந்து அழுத்தினா எதிர்ல வர்ற ஒருத்தனுக்கும் கேக்காது, அது மட்டும் இல்ல, அந்த இடத்துல லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கிற வேற யாரோட பேச்சுலயாவது போய் விழுவோம், இங்க அது சட்டப்படி குத்தம். பாதி விலைன்னு சொன்னாரே கட்டுரையாளர், வண்டி வாங்கும்போது பாதி விலைக்கு ஸ்டியரிங் இல்லாம வாங்கினாரான்னு கேட்டு சொல்லுங்க.

வாட்ஸ் கதை அதுக்கு மேல. இங்க எந்தக் கம்பெனி செட்டா இருந்தாலும் சட்டம் குடுத்த உச்சவரம்பு 5 வாட்ஸ். ஜிஎம்இ வாங்கினாலும் யூனிடென் வாங்கினாலும் அதேதான். அப்புறம் எதுல வித்தியாசம்னா ஆன்டெனாவுல. கையில பிடிக்கிற செட்டோட ஆன்டெனா ஒரு சாண், அதுவும் சுத்தி இரும்பு இருக்கிற காருக்குள்ள உக்காந்து பேசுறோம், பாதி சத்தம் கதவைத் தாண்டாது. வண்டில மாட்டுற செட்டுக்கு ஆன்டெனா வெளில, வண்டி முன்னாடி மாட்டுற இரும்புத் தடுப்பான புல் பார் மேல நிக்கும், கரண்ட் நேரா பேட்டரில இருந்து வரும், சாயந்தரம் ஆனா சார்ஜ் போச்சுன்னு பேச்சே கிடையாது. அந்த ஆன்டெனாவையும் கண்ணை மூடிட்டு நீளமா பாத்து வாங்கக் கூடாது. நான் வீட்ல சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்றேன், டிபிஐன்னா ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கும்ங்கற அளவு, 3 டிபிஐ ஆன்டெனா இட்லி மாதிரி, எல்லாப் பக்கமும் உப்பி கொஞ்ச தூரம் போகும், மலை, பள்ளம், காடுன்னா அதுதான். 9 டிபிஐ நெய் ரோஸ்ட், மெல்லிசா ரொம்ப தூரம் விரியும், ஆனா தட்டையான பூமி வேணும், மேடு ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கினா தோசையும் சேர்ந்து சாஞ்சு வானத்துக்குப் போயிடும். நடுவுல 6 டிபிஐ. முதல்ல ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா அந்த நடு ஆளை வாங்குங்க. இது எனக்கு சும்மா வரல, பளபளன்னு நீளமா ஒண்ணு வாங்கி, நாலு நாள் கரடுமுரடு ரோட்ல அது ஆடின ஆட்டத்துல அடியோட விரிசல் விட்டு, துணி காயப்போடுற கயித்தால கட்டி வீடு வந்து சேர்ந்தவன் நான். அடில ஸ்பிரிங் இருக்கான்னு பாக்கணும்னு கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லல, பில் மட்டும் நல்லா போட்டான்.

இப்ப போதும்ங்கற வார்த்தைக்கு வர்றேன், எனக்கு வலிச்சதே அதுதான்.

2019 ஆகஸ்ட்ல நானும் நண்பர் குடும்பமும் ரெண்டு வண்டில சிம்ப்சன் பாலைவனம் போனோம், மேற்கு பக்கம் டால்ஹவுஸி ஊத்துல இருந்து பிரெஞ்ச் லைன்ங்கற மணல் தடம் பிடிச்சு கிழக்க பேர்ட்ஸ்வில் வரைக்கும். ஆயிரத்து நூறுக்கு மேல மணல் மேடு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, தடம் ஒரே தடம், எதிர்ல வர்ற வண்டிக்கும் அதேதான். உச்சிக்கு வர்றப்ப பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். அதனால அங்க எல்லாரும் 10ஆம் சேனல் போட்டு, ரெண்டு வண்டி, கிழக்க போறோம்னு அப்பப்ப சொல்லிக்கிட்டே போவாங்க. என் வண்டில செட் மாட்டியிருந்தேன். நண்பர் கிட்ட உங்க கட்டுரையாளர் சிபாரிசு பண்ற மாதிரி ஒரு ஜோடி கைச்செட், 2 வாட்ஸ், நல்லவேளை அமெரிக்கன் இல்ல.

ரெண்டாம் நாள் மத்தியானம் எதிர்ல ஒரு வெள்ளைக்காரர் என் குரல் கேட்டு மேட்டுக்குக் கீழ ஒதுங்கி நின்னு எனக்கு வழி விட்டார். உன் ரெண்டாவது வண்டி எங்கன்னு கேட்டார். நான் நண்பரைக் கூப்பிடுறேன், கூப்பிடுறேன், ஒரு கரகர சத்தம் தவிர ஒண்ணும் இல்ல, நடுவுல ரெண்டே மேடு. ஃபோட்டோ எடுக்க நின்னிருப்பாங்கன்னு நெனச்சு, நீங்க வாங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அந்தத் தப்புல எனக்கும் பங்கு இருக்கு, மறைக்கல. அவர் இந்தப் பக்கம் ஏற, நண்பர் அந்தப் பக்கம் ஏற, உச்சில, மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வர்றது தெரியணும்னு ரெண்டு வண்டிலயும் உயரமான கம்பத்துல கட்டியிருந்த சிவப்புக் கொடியும் ஒண்ணை ஒண்ணு பாத்துதோ என்னவோ, ரெண்டு பேரும் பிரேக் அடிச்சாங்க. நான் திரும்பி ஓடிப்போய் பாக்குறேன், ரெண்டு புல் பாருக்கும் நடுவுல என் கையை மடக்காம நீட்ட எடம் இல்ல. நண்பர் வண்டிக்குள்ள புளியோதரை டப்பா திறந்து டேஷ்போர்டெல்லாம் புளியோதரை, பின் சீட்ல குழந்தை அழுகுது, நண்பர் மனைவி கையில அந்த வாக்கி டாக்கி, பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. எல்லாம் சரியா வேலை செய்ற மாதிரியேதான் இருந்துச்சு.

அந்த வெள்ளைக்காரர் கத்தல. கத்தியிருந்தா பரவாயில்ல. டேஷ்போர்டைப் பாத்தார், அந்தக் கைச்செட்டைப் பாத்தார், "நல்லா ஒண்ணு மாட்டிக்கோங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

இந்த அனுபவத்தை அந்த வருஷமே ஆறு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். இடமில்லைன்னு பதில் வந்துச்சு. அதே இதழ்ல ஒருத்தர் நியூசிலாந்து போய் பனியில நின்ன ஃபோட்டோ மட்டும் ரெண்டு பக்கம். சரி, விடுங்க. பனி வெள்ளையா அழகா இருக்கும், மணல்ல என்ன இருக்கு.

இன்னொண்ணும் சொல்லித்தான் ஆகணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டாக்டன் பீச்சுல நம்ம ஆளுங்க பிக்னிக், எட்டு வண்டி. பசங்க கைச்செட்டை வெச்சுக்கிட்டு 5ஆம் சேனல்ல அந்தாக்ஷரி. யாருக்கும் தெரியல, 5ம் 35ம் எமர்ஜென்சிக்கு மட்டும்னு, நிஜமா ஆபத்துன்னா தவிர அதுல வாயே திறக்கக் கூடாதுன்னு. ஒரு குரல் வந்துச்சு, ரொம்ப மரியாதையா, இது எமர்ஜென்சி சேனல், தயவு செஞ்சு மாறுங்கன்னு. பெரியவங்க எல்லாரும் கடலைப் பாத்துக்கிட்டு நின்னோம். பசங்க மேல என்ன தப்பு, அவங்க வீட்டுக்கு மாசா மாசம் வர்ற பத்திரிகைல யாராவது எழுதியிருக்கணும்ல. 11 கூப்பிடுறதுக்கு மட்டும், கூப்பிட்டு வேற சேனலுக்குப் போயிடணும். 22, 23ல பேசவே கூடாது, அது டேட்டாவுக்கு. 40 லாரிக்காரங்க சேனல், 18 கேரவன்காரங்க. அம்பது மீட்டருக்கு மேல நீளமான ரோட் டிரெயின், அதாவது ரெண்டு மூணு டிரெய்லரை இழுத்துட்டுப் போற லாரி, அது பின்னாடி புழுதில மாட்டிக்கிட்டா 40ல கேட்டா போதும், முன்னாடி காலியா இருந்தா டிரைவரே இப்ப வான்னு சொல்லுவார். அவங்க பேசுற இங்கிலீஷ் பசங்க காதுக்கு ஆகாது, வால்யூமைக் கொஞ்சம் கொறச்சு வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இதுக்காக வண்டில செட் மாட்டிட்டா ஆளே இல்லாத இடத்துல இருந்து ஊருக்குப் பேசிடலாம்னு யாரும் நெனச்சுடாதீங்க. நேர்கோட்டுல எட்டுற தூரம்தான், மேடு மறைச்சா போச்சு. தூரத்துல உதவி கூப்பிட எச்எஃப் ரேடியோவோ சாட்டிலைட் ஃபோனோ தனியா வேணும். என் செட், ஆன்டெனா, மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து எனக்கு அறுநூறு டாலருக்குள்ள ஆச்சு. இப்ப வர்ற கார்ல டேஷ்போர்டுல எடமே இல்லாததால, பட்டனும் டிஸ்ப்ளேயும் மைக்லயே இருக்கிற மாதிரி செட் வருது, பெட்டியை சீட்டுக்கு அடில ஒளிச்சு வெச்சுடலாம். உங்க கட்டுரையாளர் வண்டி கூரை மேல ஏறி நிக்கிற ஃபோட்டோ பாத்தேன், அந்த வண்டி டயர்ல மண்ணு ஒட்டின மாதிரியே தெரியல, அதனால அவருக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஜூலை லீவுக்கு முன்னாடி வர்ற இதழ்ல, அரைப் பக்கம் கூட வேணாம், ஒரு சின்னக் கட்டம் போட்டு அந்த வரி தப்பு, அமெரிக்கா செட் வாங்காதீங்க, 5, 35ல பேசாதீங்கன்னு போட்டா போதும். வளைகாப்பு ஃபோட்டோவுக்குக் கீழ எடம் இருக்கும்.

போன தடவை என் கடிதம் வந்தப்ப என் பேரை மாத்திப் போட்டு, ஊர்ல எங்க பெரியப்பாகிட்ட இருந்து விசாரிச்சு ஃபோன் வந்துச்சு. இந்தத் தடவை பேரே போட வேணாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
டூங்காபி, சிட்னி