எந்தக் கை என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். "மூன்று வயது முடிந்தும் ஒரு நேரம் வலக்கையால் கிறுக்குகிறான், ஒரு நேரம் இடக்கையால் கிறுக்குகிறான், எந்தக் கையைப் பழக்குவது?" என்பதே அது. எந்தக் கையையும் நாம் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டியதில்லை என்பதையும், இரண்டு கைகளுக்கும் வேலை வைக்கும் விளையாட்டுகளைக் கொடுத்துவந்தால் ஒரு கை தானாகவே முந்திக்கொள்ளும் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியே பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு வயதுக்குப் பிறகே ஒரு கையின் மீதான நாட்டம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. நான்கு முதல் ஆறு வயதுக்குள் அது உறுதிப்படுகிறது. அதுவரை கை மாற்றி மாற்றிச் செய்வது குறையன்று. மூளையின் இடப் பாதி வலக்கையையும் வலப் பாதி இடக்கையையும் இயக்குகின்றன. இவ்விரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை குழந்தைப் பருவம் முழுவதும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் இரு கைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன: கை தட்டுவது, பெரிய பந்தை அணைத்துத் தூக்குவது போல. பிறகுதான் ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை வேலை செய்யும் நிலை வருகிறது. முதன்மைக் கை உருவாவது இந்தப் பங்கீட்டில்தான். ஆகவே, பிடித்துக்கொள்ளும் துணைக் கையையும் நாம் பழக்கியாக வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெரிய பிளாஸ்டிக் போல்ட்டையும் நட்டையும் ஒரு குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் இரண்டு கைகளும் சேர்ந்து திருகும், எதுவும் கழலாது. சற்று நேரத்தில் ஒரு கை போல்ட்டை இறுக்கிப் பிடித்து அசையாமல் நிற்க, மற்றது நட்டைச் சுழற்றும். மறுநாள் கைகள் இடம் மாறலாம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் சுழற்றும் வேலை பெரும்பாலும் ஒரே கைக்குப் போயிருக்கும். நூலில் மணி கோப்பது, டப்பாவின் மூடியைத் திறந்து மூடுவது, குவளையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது என இந்தப் பங்கீட்டைக் கேட்கும் விளையாட்டுகள் வீட்டிலேயே ஏராளம் உண்டு. மணி போன்ற சிறு பொருள்களை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் தரக் கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இவ்விளையாட்டுகளில் பெரியவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. கிரயானையோ கரண்டியையோ பிள்ளையின் கையில் திணிக்காமல், உடலின் நடுக்கோட்டுக்கு நேராக எதிரே வைத்துவிட வேண்டும். நாம் வலப்பக்கமே நீட்டிக்கொண்டிருந்தால் வலக்கை வருவது இயல்பு. அது குழந்தையின் தேர்வாகாது.

ஒரு கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் செல்வதும் இதனோடு சேர்ந்ததே. தரையில் வரைந்த நீண்ட சாலையில் பொம்மைக் காரை ஓட்டும் பிள்ளை, காரைத் தன் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்ததும் நிறுத்தி மறு கைக்கு மாற்றுவதைக் காணலாம். இடப்பக்கத்தில் இருப்பதை இடக்கையும் வலப்பக்கத்தில் இருப்பதை வலக்கையும் எடுத்துக்கொண்டிருக்கும்வரை இரு கைகளும் அரை அரைப் பயிற்சியே பெறும். கிடைமட்டமாகப் பெரிய எட்டு வரைவது, அகலமான பலகையை ஓரம் முதல் ஓரம் வரை துடைப்பது, ஒரு பக்கம் குவித்த கட்டைகளை மறுபக்கத்துக் கூடையில் இடுவது ஆகியவை இந்தத் தடையை மெல்லக் கரைக்கும். "கையை மாற்றாதே" என்று அதட்டினால் விளையாட்டு நின்றுவிடுமே தவிர வேறு பயன் இராது.

உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்படியொரு பிள்ளையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலக்கைக்கு மாற்றுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். எழுத்தின் மீதே வெறுப்பை விதைக்கும் செயல் அது. அப்பிள்ளைக்கு வேண்டியவை சிறு உதவிகளே: தாளின் மேற்பகுதியைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைப்பது, எழுதியது கைக்கடியில் மறையாதபடி பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்வது, இருவர் அமரும் மேசையில் முழங்கை இடிக்காமலிருக்க இடப்பக்கம் அமர்த்துவது. கத்தரிக்கோலில் மட்டும் சமாளிக்கச் சொல்லக் கூடாது. வலக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோலை இடக்கையால் அழுத்தும்போது அலகுகள் நெருங்குவதற்குப் பதிலாக விலகுகின்றன. காகிதம் வெட்டுப்படாமல் இடையில் மடங்கிக்கொள்கிறது. வெட்ட வேண்டிய கோட்டையும் அலகு மறைக்கிறது. பிள்ளைக்குத் திறமை போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அலகுகள் மாற்றி அமைக்கப்பட்ட இடக்கைக் கத்தரிக்கோல்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிரண்டாவது இருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் மட்டும் பொறுமை கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டி, மறு கையை மடக்கியோ விரல்களை மூடியோ வைத்திருந்தால், அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயன்படாத பக்கத்தில் பலவீனம் இருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். அதேபோல், ஆறு வயதை நெருங்கியும் ஒரே வேலையின் நடுவில் கை மாற்றிக்கொண்டு, பொத்தான் போடவும் வெட்டவும் எழுதவும் திணறும் பிள்ளையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவர் பார்ப்பது நல்லது.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் பிள்ளை எந்தக் கைப் பழக்கம் உடையது என்று கேட்பதானால், 'வலக்கை', 'இடக்கை' ஆகியவற்றோடு 'இன்னும் உறுதிப்படவில்லை' என்ற கட்டத்தையும் சேருங்கள். அந்தக் கட்டத்தில் குறியிடும் பெற்றோரிடம் ஆண்டின் இடையில் ஒருமுறை மீண்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்