‘கேங்ஸ்டா’ வெறும் துப்பாக்கிச் சண்டைக் கதை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) அறிமுகப் பகுதியில் கோஸ்கே எழுதி வரைந்த ‘கேங்ஸ்டா’வை ‘மாஃபியா கும்பல்களின் துப்பாக்கிச் சண்டை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பி வாங்குகிறவர், எதிர்பார்த்தது கிடைக்காமல் இரண்டாம் தொகுதியிலேயே புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

எர்காஸ்டுலம் என்ற கற்பனை நகரத்தில் வோரிக், நிக்கோலஸ் இருவரும் கூலிக்கு எந்த வேலையும் செய்பவர்கள். போலீசும் கூப்பிடும், மாஃபியாவும் கூப்பிடும். ஒரு விபச்சாரத் தரகனின் கும்பலை ஒழிக்கப் போய், அவனிடம் சிக்கியிருந்த அலெக்ஸைத் தங்களோடு அழைத்து வருவதில் கதை தொடங்குகிறது. ஆனால் கதையின் ஆணிவேர் செலெப்ரே என்ற மருந்து. போர்வீரர்களின் பலத்தைக் கூட்ட உருவான அந்த மருந்தின் விளைவைப் பிறவியிலேயே சுமப்பவர்கள்தான் ‘ட்வைலைட்’கள். மனிதரை மிஞ்சிய பலமும் அதற்கு விலையாக உடலில் ஏதோ ஒரு குறையும் அவர்களுக்கு உண்டு. ஆயுளும் குறைவு. மருந்து கிடைக்காவிட்டால் உயிர் போகும். அளவுக்கு மேல் போட்டால் சற்று நேரம் பலம் ஏறும், உடல் கெடும். நிக்கோலஸ் இப்படிக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் இடங்களைச் சாகசமாகப் படித்தால் கதை தவறிப்போகும். மருத்துவர் தியோ அவனைத் திட்டுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ட்வைலைட்களின் கழுத்தில் தரம் பொறித்த தகடு தொங்கும். நிக்கோலஸின் தகட்டில் இருப்பது ஏ/0 என்ற தரம். தகட்டோடு சட்டமும் ஒப்பந்தமும் வருகின்றன. அவனுடைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவன் வோரிக். சிறுவயதில் அவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவனும் வோரிக்தான். நண்பனும் எஜமானனும் ஒரே ஆளாக இருப்பதுதான் இந்தத் தொடரின் வலி. இதைப் பற்றி உங்கள் அறிமுகத்தில் ஒரு சொல்கூட இல்லை.

புதியவர்கள் தடுமாறுவது, நகரத்தைப் பங்குபோட்டு ஆளும் நான்கு தரப்புகளும் வரிசையாக அறிமுகமாகும் கட்டத்தில். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ட்வைலைட்களை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். மாஃபியா தலைவர் மன்ரோ அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வார். கிறிஸ்டியானோ குடும்பம் பலவீனமானவர்களுக்கு அடைக்கலம் தரும். அதன் தலைவி ஒரு சிறுமி. பால்க்லீ கில்டு அவர்களைக் கூலிப்படையாக அனுப்பும். கோர்சிகா குடும்பத்துக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. பிற்பாடு வெடிக்கும் மோதல் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

நிக்கோலஸுக்குக் காது கேட்காது. வசன பலூன்களை மட்டும் வாசித்துக்கொண்டு ஓடினால் அவன் பேசுவதில் பாதி போய்விடும். வலமிருந்து இடமாகப் படிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைகளையும், அவன் யார் முகத்தைப் பார்க்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். உதட்டசைவைப் படிப்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அலெக்ஸ் சைகை மொழி கற்கத் தொடங்கும் பக்கங்கள், எந்தச் சண்டைக் காட்சியையும்விட நுட்பமாக வரையப்பட்டவை.

அனிமேயில் (அனிமேஷன் தொடர் வடிவில்) தொடங்கலாம் என்ற உங்கள் ஆலோசனையை ஏற்க முடியவில்லை. 2015இல் வந்த அந்த 12 பகுதிகள் கதையின் நடுவே, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது நின்றுவிடுகின்றன. தயாரித்த மாங்லோப் நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. நிக்கோலஸின் குரலுக்காக, கென்ஜிரோ ட்சுதாவின் நடிப்புக்காக, அதைப் பிறகு பார்க்கலாம். அவசியம் பார்க்க வேண்டியதுதான். முதலில் மங்காவின் தொகுதிகள். மார்கோ அட்ரியானோவின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் கிளைத்தொடரை, மூலக்கதையில் அவனைச் சந்தித்த பிறகே எடுக்க வேண்டும். முன்னதாகப் படித்தால் அவனைப் பற்றிய முக்கியமான திருப்பம் வீணாகும்.

குழந்தை வதையும் பாலியல் வன்முறையும் ஒளிவுமறைவின்றி வரும் தொடர் இது. உங்கள் அறிமுகப் பகுதியைப் பள்ளி மாணவர்களும் படிக்கிறார்கள். வயது வந்தோருக்கானது என்ற குறிப்பை அடுத்த இதழில் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மங்கா வாசகர் ஒருவர்,
மதுரை