கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்கள் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மெக்சிகோவின் வஹாக்காவிலிருந்து வணக்கம்.

ஒரு மாதமாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் விற்கும் குடில் சுரூபங்கள் மரமே இல்லையாம், அச்சில் ஊற்றிய ரெசின் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறோமாம். கையில் எடுத்தால் கனமே இல்லை, அதுதான் ஆதாரமாம். கோப்பால் மரம் காய்ந்தால் அப்படித்தான் லேசாக இருக்கும், ரெசின்தான் கனக்கும்.

மரம் பச்சையாக இருக்கும்போதே வெட்டுக்கத்தியால் உருவம் எடுத்து, அப்புறம் சின்னக் கத்தியால் செதுக்கி, மாதக்கணக்கில் காயவிடுகிறோம். காயும்போது வெடிக்கும். வெடித்த இடத்தில் சிராயைச் செருகி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துத் தேய்த்த பிறகுதான் வண்ணம். உங்கள் வீட்டுக் குடில் மாட்டின் வயிற்றடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், அந்த அடைப்பு லேசாகத் தட்டுப்படும். அச்சில் வார்த்த மாட்டுக்கு அது எதற்கு? கொம்பும் காதும் தனியாகச் செதுக்கிச் செருகியவை, இழுத்தால் கழன்று வரும் (இழுக்க வேண்டாம்). சூசையப்பர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். கிளை அப்படி வளைந்திருந்தது, அவரும் அப்படியே நிற்கிறார்.

அலெப்ரிஹே (பளிச்சென்ற வண்ணம் பூசிய விசித்திர உருவங்கள்) என்றால் காகிதக்கூழ்தானே என்றும் ஒருவர் கேட்டார். சரிதான், மெக்சிகோ நகரத்தில் கைவினைஞர் பெட்ரோ லினாரெஸ் செய்தது காகிதக்கூழில். எங்கள் பக்கம் அரசோலா ஊரில் மரம் செதுக்கிய மனுவேல் ஹிமெனெஸ் காலத்திலிருந்து மரம்தான்.

அந்த மரம் இப்போது ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பதில்லை, தூரத்திலிருந்து லாரியில் வருகிறது. போதாததற்கு, குடிலின் மூன்று ராஜாக்களின் அங்கியில் அந்தப் பொடிப்பொடிப் புள்ளிகளை வைத்தவர் தில்காஹேட்டே ஊரில் சொந்தப் பட்டறை போட்டுவிட்டார். நன்றாக இருக்கட்டும், வருத்தமில்லை. ஆனால் வண்ணம் தீட்ட இப்போது இரண்டே பேர், அதனால் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறோம்.

சுரூபத்தின் காலடியில் மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் பூச்சி அரிக்கிறது, அதைப் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். பூச்சி மரத்தைத்தான் தின்னும், ரெசினையா தின்னும்? அக்டோபருக்குப் பின் சொன்ன ஆர்டர்கள் கிறிஸ்துமஸ் தாண்டித்தான் வரும், இங்கே குடிலை எப்படியும் பிப்ரவரி 2, காணிக்கைத் திருநாள் வரை எடுப்பதில்லையே.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களை நம்பி எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வருஷத்துக்கு ஒரு ஆடு மட்டும் வாங்கிப் போகும் குடும்பத்துக்கு: இந்த வருஷத்து ஆட்டைப் பழைய விலைக்கே எடுத்து வைத்திருக்கிறோம், கறுப்பு மூஞ்சி.