களைத்த உடம்பை ஓடச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரை, அசதி என்பது மனம் சொல்லும் சாக்கு, எந்த நாளும் உடற்பயிற்சியை விடாதீர்கள் என்றது. கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கட்டுரையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி சிலருக்கு ஆபத்தாக முடியும் என்பதால் எழுதுகிறேன்.

பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவருக்கு வரும் அசதி தலையிலும் கண்ணிலும்தான் இருக்கும். கால்கள் வேலையே செய்திருக்காது. அவர் தயங்காமல் கிளம்பலாம். சந்தேகம் இருந்தால் பத்து நிமிடம் மெதுவாக நடந்து பார்க்கட்டும். உடம்பு இளகினால் தொடரலாம். கால் இன்னும் கனத்தால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வந்து பாருங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்க வேண்டும். இவர்களில் பலர் லாரன்ஸ் ரோடு துணிக்கடைகளில் கடை சாத்தும்வரை நின்றவர்கள். சிலர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள். நாலு மணி நேரத் தூக்கம், வயிற்றில் ஒரு டீ. 'நிறுத்தாதே' என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு தினமும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். கடுமையாக ஓடும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அது ஆறி முன்பைவிட உறுதியாவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். தசையில் சேர்ந்திருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோனால், ஒழுங்காகச் சாப்பிட்டாலும் மறுபடி நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒருநாள் கடும் பயிற்சி என்றால் மறுநாள் லேசான பயிற்சி என்று நாங்கள் வைத்ததெல்லாம் இதற்காகத்தான்.

கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடி பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கமாக 62 இருப்பது அடுத்தடுத்த நாட்களில் 72-ஐத் தாண்டினால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று கொள்ளலாம். அன்றைக்குக் கை கால்களை நீட்டி மடக்கினால் போதும். இல்லையென்றால் தூங்குங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், வாரத்துக்கு வாரம் பின்தங்கினாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. 'சோம்பேறி ஆயிட்டா டீச்சர்' என்றார் அவள் அம்மா. அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது என்பதையும் சொல்லி அனுப்பினோம். சில மாதங்களில் பழைய வேகம் திரும்பியது. அவளை அப்போது விரட்டி விரட்டி ஓடவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

காய்ச்சலில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மழைக்காலம் வந்தால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மூக்கு மட்டும் ஒழுகினால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி இருந்தால் கிரவுண்ட் பக்கமே போகக் கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். அந்த நேரத்தில் மூச்சிரைக்க ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடுவதும் தவறு. சில நாள் நடை, பிறகு மெல்லோட்டம், அப்புறம்தான் வேகம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் எது வந்தாலும் பார்க்க வேண்டியது டாக்டரை, கோச்சை அல்ல.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைத்தான். வாரக் கணக்கு அது. ஒருநாள் விட்டுப்போனால் இன்னொரு நாள் ஈடுகட்டலாம். கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு வரும் அம்மாவிடம், சாயங்காலம் இன்னும் அரை மணி நேரம் நட என்று சொல்வது நியாயமே இல்லை. அந்தம்மா கால் நீட்டிப் படுக்கட்டும்.

அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வரும்போது, ஓட்டப் பயிற்சிக் குறிப்புகள் வெளியிடும் அதே பக்கத்தில், காய்ச்சலும் ரத்தசோகையும் பற்றி ஒரு மருத்துவர் எழுதும் பத்தியையும் தாங்கள் வெளியிட வேண்டும். பயிற்சி மையங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்துகொள்ளக்கூடியதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.