முள்ளைத் தேடிய நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விஞ்ஞானக் கண்காட்சி நடுவர் குழுவினருக்கும், அவர்களை நியமித்த கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் பிள்ளைகளின் கொரோனா வைரஸ் மாதிரியுரு எப்படித் தள்ளுபடியானது என்பது உங்களுக்கே தெரியும். புள்ளித்தாளில் நீங்கள் எழுதியது இவ்வளவுதான்: "வைரஸின் வடிவம் இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே." பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி: "முள்ளு எங்க பிள்ளை?"

வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் முள் இல்லைதான். அவர்கள் செய்தது வைரஸின் வெளித்தோற்றத்தை அல்ல, உள்ளே அதன் மரபுச் செய்தியைத் தாங்கிச் சுருண்டு கிடக்கும் ஆர்.என்.ஏ. இழையை. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அந்த இழையில் ஒரேயொரு இடத்தை எடுத்து, வலை பின்னும் நைலோன் நூலில் எழுத்துக்கு ஒரு நிறமாக நான்கு நிற மணி கோத்துச் செய்திருந்தார்கள். மூன்று யூ, மூன்று ஏ, ஒரு சீ என ஏழு மணிகள். அவற்றைத் தாண்டியதும் நூல் தன்மேலேயே மடிந்து, அந்த மடிப்பின் வளையம் அப்பாலுள்ள மணிகளோடு இணைந்து ஒரு முடிச்சாகிறது. ஆய்வாளர்கள் இதைப் போலி முடிச்சு என்கிறார்கள். இழையை மும்மூன்று எழுத்தாக வாசித்துப் புரதம் கட்டும் இறைபோசோமுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டிக் கூடு. கூடு மும்மூன்று மணியாக நகர்ந்து வரும், முடிச்சில் முட்டித் தடுமாறும், ஒரு மணி பின்னால் வழுக்கும், பிறகு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு மேலே போகும். அந்த ஒரு மணி வித்தியாசத்தில் அதன்பின் வரும் மும்மூன்றுகள் எல்லாம் மாறிவிடுகின்றன. சற்றுத் தள்ளி இருக்கும் சிவப்பு மணி, அதாவது வாசிப்பை நிறுத்தச் சொல்லும் குறி, கூட்டின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதற்கு அப்பால்தான் வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கத் தேவையான நொதியத்தின் செய்தி இருக்கிறது.

முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்து வைத்தால் கூடு வழுக்காமல் நேரே வந்து சிவப்பு மணியில் நின்றுவிடும். நொதியம் இல்லை, ஆகவே வைரஸுக்குப் பெருக்கமும் இல்லை. இதைச் செய்து காட்டத்தான் பிள்ளைகள் முடிச்சை ஒட்டாமல் கட்டியிருந்தார்கள். உங்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை.

மண்டூர்த் துறையில் பாதை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவை, ஏறி, காற்றில் நூல் சிக்கிவிடக் கூடாதென்று மடியில் வைத்துப் பிடித்தபடி மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கொண்டுவந்த சாமான் அது. பக்கத்து மேசையில் ரெஜிபோம் பந்தில் ஊசி குத்தி வர்ணம் அடித்த வைரஸுக்கு முதலிடம். அதைச் செய்த பிள்ளைகள்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீங்கள் தேடிய முள்தான் இந்த வைரஸில் அடிக்கடி மாறும் பகுதி. ஒமிக்ரோன் வந்தபோது முள்ளில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள். முடிச்சு அப்படியல்ல. கொரோனா வைரஸ்களில் இந்த வழுக்கலை 1987 இல் முதலில் கண்டது கோழிகளுக்கு மூச்சு நோய் தரும் ஒன்றில். கோழியில் கண்ட அதே ஏற்பாடுதான் 2003 இன் சார்ஸிலும் 2019 இல் வந்ததிலும் இருக்கிறது. இழையின் இரு முனைகளிலும் இப்படிக் காலங்காலமாகக் காக்கப்படும் மடிப்புகள் உண்டு. மடிப்பில் ஒரு எழுத்து மாறினால், அதன் எதிரே இருக்கும் சோடி எழுத்தும் பல இடங்களில் மாறி வடிவத்தைக் காப்பாற்றிவிடுகிறது. இந்த வழுக்கலைக் குழப்பும் மருந்துகளை ஆய்வுகூடங்கள் தேடுவதும் அதனால்தான். இதைப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மூலக்கூற்று உயிரியல் தெரிந்த ஒருவரை வைத்து அந்த மாதிரியுருவை மறுபடி பாருங்கள். அப்போதும் தள்ளுவதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

பாடத்திட்டத்துக்கு வெளியே என்பது காரணமானால், கண்காட்சிக்குப் புத்தாக்கம் என்று எதற்குப் பெயர்? பாடநூல் படத்தைப் பெரிதாக்கி ஒட்டச் சொல்லியிருக்கலாமே, எங்களுக்கும் மணி வாங்கிய காசு மிஞ்சியிருக்கும்.

சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் பரவும் என்று சொல்லி, 2020 இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் பலவந்தமாக எரித்தார்கள். உயிருள்ள கலம் இல்லாமல் இந்த இழை ஒரு பிரதிகூட எடுக்காது என்பதை அன்று எடுத்துச் சொன்னவர்களை யார் கேட்டார்கள்? பிறகு புதைக்க விட்டபோது நாடெங்குமிருந்து உடல்கள் வந்தது எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான். அந்தப் பலவந்த எரிப்புக்கு 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. வைரஸுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்பதைப் பாடத்துக்கு வெளியே தள்ளுகிறவர்கள் அதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது முதல் இடமும் அல்ல, கேடயமும் அல்ல. தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும், முடிவு எழுத்தில் வர வேண்டும். மாதிரியுரு பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்கு மண்டபம் எடுக்கும் நாட்கள் தவிர எந்தப் பாடசாலை நாளிலும் வரலாம், பிள்ளைகள் இயக்கிக் காட்டுவார்கள். வர முடியாதென்றால் சொல்லுங்கள், நாங்களே மறுபடி பாதை ஏறிக் கொண்டுவருகிறோம். பதிலை மட்டும் தயவுசெய்து தொலைபேசியில் சொல்லாதீர்கள். அதைப் பிள்ளைகளிடம் காட்ட முடியாது.

இப்படிக்கு,
படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் உயிரியல் ஆசிரியை