கடல் கடந்தவருக்குக் காகிதம் இருக்கிறது

இந்தியத் தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமான தங்களுக்கு வணக்கம்.

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1896இல் கப்பலேறி, கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனார். வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் 1860 முதல் 1911 வரை அங்கே போன சுமார் 1,52,000 இந்தியர்களையும் எண் போட்டு எழுதிவைத்த கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. அதில் அவரைப் பிடித்துவிட்டேன். தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, ஊர், முழங்கால் தழும்பு எல்லாம் இருந்தது.

சிக்கலே அங்கேதான். எங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் வேறு. அண்ணன் தம்பி இருவரின் அம்மாவுக்கு இரண்டு கல்யாணமா? பெரியப்பா பிள்ளையைத்தான் அண்ணன் என்றார்களா? இல்லை, ஒரே ஆளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பத்திரப் பெயர் ஒன்றா? 1891 பிப்ரவரி 26 கணக்கெடுப்பில் எங்கள் வீட்டையும் எழுதியிருப்பார்கள். யார் யார் இருந்தார்கள், என்ன வயது, அந்த அம்மா அப்போது விதவையா இல்லையா என்று அதில் இருந்திருக்கும். அந்த ஒரு தாள் போதும் எனக்கு. ஆனால் கூட்டிக் கணக்கு முடிந்ததும் தாள்களை அழித்துவிடுவதுதான் இங்கே வழக்கம்.

இங்கிலாந்தில் 100 ஆண்டு, அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து இந்தத் தாள்களை எல்லோரும் பார்க்கத் திறக்கிறார்கள். நம் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ யாரும் பார்க்கக் கூடாது என்கிறது, கெடு எதுவும் சொல்லாமல்.

பூட்டிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1951இல் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்து எழுதிய குடிமக்கள் பதிவேடு, அறுபது ஆண்டு கடந்து அசாமில் யார் குடிமகன் என்று பிரிக்க வெளியே வந்தது. 2027இல் சாதியையும் கேட்கப்போகிறீர்கள். அதனால் 72 வேண்டாம், 100 ஆண்டே இருக்கட்டும். அதுவரை நீதிமன்றம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அழிக்க மட்டும் வேண்டாம்.

இந்த முறை செயலியில் பதிவதால் கிடங்கு வாடகை என்று சொல்லவும் வழியில்லை. சரி, கணினியில் இருந்தால் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. இங்கிலாந்தின் 1931 தாள்கள் மொத்தமும் 1942இல் ஒரே தீயில் போயின. இரண்டு ஊர்களில் இரண்டு பிரதி வையுங்கள். 15ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்க அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 2127இல் என் பேத்தியின் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஊரிலேயே இருந்துவிட்டவரின் கொள்ளுப்பேரன்