"துணியை அப்பவே எடுத்துட்டேன்"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளும் வீடியோ கேமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேம் என்றாலே அடிப்பதும் சுடுவதும்தான், மனுஷர்களுக்கு அதில் இடமில்லை என்ற தொனி அதில் இருந்தது. முக்கால்வாசி சரிதான். என் அக்கா மகன் விளையாடுவதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் விளையாடிய ஒரே ஒரு கேமில் இருந்தவர்கள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு செவிலியர். 2020இல் ஒரு வாரம் கொரோனா வார்டு டூட்டி, அடுத்த வாரம் தனிமை என்று ஓட்டல் அறையில் அடைபட்டுக் கிடந்தேன். தம்பி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினான். அதில் அந்த ஜூன் மாதம்தான் கம்ப்யூட்டருக்கு வந்திருந்த 'பெர்சோனா 4 கோல்டன்' இருந்தது. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2008இல் ப்ளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்டு, 2012இல் புது ஆட்களைச் சேர்த்து 'கோல்டன்' என்று மறுபடி கொண்டுவந்த கேம். "சண்டையெல்லாம் ஈசி மோடுல வச்சுக்கோ, கதையைப் பாரு" என்றான்.

கதை 2011 ஏப்ரலில் தொடங்குகிறது. பெற்றோர் வேலைக்காக வெளிநாடு போய்விட, ஒரு நகரத்துப் பையன் ஒரு வருஷம் தங்கிப் படிக்க இனாபா என்ற சிற்றூருக்கு வருகிறான். அங்கே கொலைகள் நடக்கின்றன, டிவிப் பெட்டிக்குள்ளே ஒரு உலகம் இருக்கிறது, அதில் பூதங்களோடு சண்டை. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கொலைகாரன் யார் என்று வாய் தவறிச் சொன்னாலும் தம்பி என்னோடு பேசமாட்டான்.

பையன் தங்குவது தாய்மாமன் வீட்டில். மாமா டோஜிமா போலீஸ் துப்பறிவாளர். அவர் மகள் நானாகோ ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் இவனை அண்ணன் என்று கூப்பிடுகிறாள். மாமன் மகள் எப்படி அண்ணன் என்பாள் என்று நமக்குத்தான் உறுத்தும், அங்கே அந்த முறைக் கணக்கெல்லாம் கிடையாது.

முதல் ராத்திரி கடையில் வாங்கிய சுஷியை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருகிறார்கள். மாமாவுக்கு போன் வருகிறது. எழுந்து கிளம்பியவர் வாசலில் நின்று, மழை பெய்கிறதே, துணியை என்ன செய்தாய் என்று மகளைக் கேட்கிறார். அப்பவே எடுத்துட்டேன் என்கிறாள் அவள். அவ்வளவுதான், கார் போய்விடுகிறது. இந்த இடத்தில் நான் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். என் மகளுக்கும் அப்போது ஏழு வயது. தினமும் வீடியோ காலில், அம்மாச்சி வீட்டு மாடியில் துணி காயப்போட்டதில் இருந்து பூனை குட்டி போட்டது வரை எல்லாம் சொல்வாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கமாட்டாள். முதல் வாரத்தோடு அதை நிறுத்திவிட்டாள்.

இந்தக் கேமில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. பள்ளி முடிந்ததும் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை, அதோடு அன்றைய நாள் தீர்ந்தது. ஒருவரைப் பார்க்கப் போனால் இன்னொருவரை விட வேண்டும். பழகப் பழக அந்த உறவு பத்துப் படி ஏறும். நான் ராத்திரிகளில் பெரும்பாலும் நானாகோவோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஜூனெஸ் என்ற பெரிய கடையின் விளம்பரம் வந்தால் அவளும் சேர்ந்து பாடுவாள். மே மாதத் தொடர் விடுமுறைக்கு அப்பா லீவு போடுகிறேன் என்று சொல்லி, கடைசியில் போட முடியாமல் போகிறது. அந்தப் பெண் அதற்கு ஆர்ப்பாட்டம் எதுவும் செய்வதில்லை. பிறகு அண்ணனின் சிநேகிதர்களோடு அந்த ஜூனெஸ் கடைக்கே போய்விட்டு, பெரிய ஊரெல்லாம் சுற்றி வந்த மாதிரி சந்தோஷப்படுகிறாள்.

டோஜிமா மேல் எனக்கு முதலில் கோபம்தான். அப்புறம்தான் தெரிகிறது. பாலர் பள்ளியில் இருந்து நானாகோவைக் கூட்டிவரப் போன வழியில் அவர் மனைவி மீது ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஓட்டியவன் சிக்கவே இல்லை. அந்தக் கேஸைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் தான் வீட்டுக்குள் வரப் பயந்துதான் ஓடுகிறேன் என்பதை ஒருநாள் அவரே ஒத்துக்கொள்கிறார். நல்லவர், ஆனால் தப்பு செய்கிறவர். நம் சினிமாவில் இப்படி ஒரு அப்பா வந்தால் இடைவேளைக்குள் திருந்திவிடுவார். இவருக்கு மாசக்கணக்கில் ஆகிறது, திருந்திய பிறகும் வேலைக்குப் போன் வந்தால் கிளம்பித்தான் போகிறார்.

எல்லாரையும் இப்படிப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். கோல்டனில் புதிதாக வந்த மேரி எழுதும் கவிதைகளைப் பொறுத்துக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். டோஜிமாவின் ஜூனியர் அடாச்சி வந்தாலே சிரிப்புதான், அவரைப் பற்றி அதற்கு மேல் மூச்சு விடமாட்டேன். கோயில் நரி ஒன்று இருக்கிறது. கழுத்தில் இதயம் போட்ட துணி கட்டிக்கொண்டு, சண்டையில் களைத்தவர்களுக்கு மூலிகை இலையால் வைத்தியம் பார்க்கும். பில்லைப் பார்த்தால் மறுபடி மயக்கம் வரும். பழகினால் ரேட்டைக் குறைக்கும். மொத்தக் கேமிலும் மருத்துவத் துறையை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய இடம் வேறில்லை.

பகுதி நேர வேலைகளும் உண்டு. கவர் ஒட்டலாம், காகிதக் கொக்கு மடிக்கலாம், ராத்திரியில் ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கலாம். கடைசி வேலையைப் பார்த்ததும், பிபிஇ உடையைக் கழற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில், இங்கேயுமா என்று விட்டுவிட்டேன். ராத்திரி ராத்திரியாகக் கொக்கு மடித்து, கேமையும் முடித்துவிட்டேன்.

முடித்ததைத் தம்பியிடம் சொன்னபோது, "ஆத்தங்கரைப் பாட்டியைப் பாத்தியா?" என்றான். எந்தப் பாட்டி? ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் அங்கேயுள்ள சயோகோ என்ற நர்ஸோடு பழகினால்தான் அந்தப் பாட்டி வருவாராம். ஒரு வருஷம் அந்த ஊரில் இருந்தும் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த தனிமை வாரத்தில் மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். சயோகோவைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. நர்ஸ் என்றாலே குழைந்து பேசுகிறவள் என்ற நினைப்பு ஜப்பானிலும் இருக்கிறது போல. பள்ளிக்கூடப் பையனிடம் அந்தப் பேச்சு தேவையே இல்லை. ஆனால் போகப் போக, வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஒரு பெண்ணாக அவள் தெரிய ஆரம்பித்தாள். ஒருநாள் அவளே சுருண்டு விழுகிறாள். எங்கள் ஹாஸ்டலிலும் அப்படி இரண்டு பேரைத் தெரியும்.

அப்புறம் அந்தப் பாட்டி. பெயர் ஹிசானோ. ஞாயிற்றுக்கிழமைகளில் சமேகாவா ஆற்றங்கரையில், துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பு உடையில் நிற்கிறார். நான்தான் சாவு என்று விளையாட்டாகச் சொல்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வருகிறது. கணவருக்கு நினைவு தப்பும் நோய். ஆயுசு முழுக்கக் கூட இருந்தவளைப் பார்த்து ஒருநாள் "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டார். இப்படி இருப்பதற்கு இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று பாட்டி மனசில் ஒரு நினைப்பு ஓடிவிட்டது. கணவர் இறந்தும்விட்டார். அதனால் கொன்றது நான்தான் என்கிறார்.

கொரோனாவுக்கு முன்னால் நான் மெடிக்கல் வார்டில் இருந்தேன். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு அம்மா ஃபிளாஸ்க்கோடு என் மேஜை அருகே வந்து நின்றார். வெந்நீர் கேட்கிறார் என்று நினைத்தேன். "சீக்கிரம் போயிட்டா அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது இல்ல சிஸ்டர்?" என்றார். சொன்ன வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று திரும்பிப் போய்விட்டார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கேமில் பையனுக்குப் பேச இரண்டு மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஹிசானோ அதைச் சொன்ன இடத்தில் ஆங்கிலத்தில் வந்த பதில்களைப் படித்துப் படித்துப் பார்த்தேன். எதுவும் போதவில்லை. கர்சரை அப்படியே வைத்துவிட்டுப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

சண்டை போட்டு ஜெயித்த பூதங்களில் ஒன்றின் பெயர்கூட இப்போது நினைவில்லை. கட்டுரை எழுதியவர் நேரம் கிடைத்தால் ஹிசானோவையும் போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது ரவுண்டிலும் நாட்கள் போதவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஆற்றங்கரைக்கும் ஓடியதில், பள்ளி பேண்டில் ட்ராம்போன் வாசிக்கும் அயானே என்ற பெண்ணைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். அவள் கச்சேரியில் வாசித்தாளா இல்லையா என்று போய்ப் பார்க்க இன்னும் லீவு கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர் ஒருவர்,
திருச்சி.